மூடிய பாட்டிலுக்கு எப்படிக் கனம் கூடியது

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பம் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டுப் பிழைத்த குடும்பம். மதுரையில் பட்டம் வாங்கிவிட்டு வந்த எனக்கு நாகல் நகரில் சித்தி வீட்டு மாடியில் தங்க ஓர் அறை கிடைத்தது. பள்ளியிலும் எனக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கிடைக்கும் என்ற கனவோடுதான் போனேன். கிடைத்தது பாதி.

நீளமான ஓட்டுக் கட்டடம் அது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் அறிவியல், அந்தப் பக்கம் மனையியல். தடுப்பு கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே எல்லாம் வெட்டவெளி. அந்தப் பக்கம் கடுகு தாளித்தால் இந்தப் பக்கம் என் மாணவிகள் மூக்கை உயர்த்திக்கொண்டு பாடத்தை மறப்பார்கள். இந்தப் பக்கம் நான் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரித்தால் அழுகின முட்டை நாற்றம் தடுப்பைத் தாண்டி அவர்கள் கேசரியில் போய் இறங்கும்.

அந்தப் பக்கத்து ஆசிரியைக்கும் என் வயதுதான். திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, தோல் வியாபாரம் செய்தார். அத்தாவின் அண்ணனான பெரியத்தா வீட்டில் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். மனையியல் என்ற சொல் பிள்ளைகளின் வாயில் நுழையாததால் எல்லோரும் அவரை ‘சமையல் டீச்சர்’ என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே அவருக்கு முகம் சிவந்துவிடும். நானும் தெரியாத்தனமாக ஒருநாள் ஆசிரியர் அறையில் அப்படிச் சொல்லிவிட்டேன். மறுநாள் தடுப்புக்கு மேலாகக் குரல் வந்தது.

“அறிவியல் டீச்சர், ஒங்க நாத்தம் எங்க பலகாரத்துல ஏறுது. செத்த நேரம் அந்தக் குப்பிய மூடி வைக்கிறீங்களா?”

எங்கள் வகுப்பு, அவர் வகுப்பு இரண்டும் சேர்ந்து சிரித்தன. அதற்குப் பிறகு சில மாதங்கள் நாங்கள் நேரில் பேசிக்கொள்ளவில்லை. வேண்டியதையெல்லாம் தடுப்புக்கு மேலாகவே சொல்லிக்கொண்டோம்.

இதைத் தலைமையாசிரியை கவனித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பள்ளியில் பொருட்காட்சி வைக்கப்போகிறோம் என்று அறிவித்தபோது, இடம் போதாது என்று காரணம் சொல்லி, அறிவியலுக்கும் மனையியலுக்கும் சேர்த்து ஒரே மேடை என்று முடிவு செய்துவிட்டார். நான் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாமே என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிக் குழாய்தானே” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வருடம் பாடத்தில் புதிதாக வந்திருந்த ஒரு பகுதி என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. திறந்த அமைப்பு, மூடிய அமைப்பு, தனித்த அமைப்பு. புத்தகத்தில் மூன்றுக்கும் வறண்ட விளக்கம் இருந்தது. பொருளும் வெப்பமும் இரண்டுமே போய்வந்தால் திறந்தது. பொருள் போகாமல் வெப்பம் மட்டும் போய்வந்தால் மூடியது. இரண்டுமே போகாவிட்டால் தனித்தது. மாணவிகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். ஆனால் மூடிய பாத்திரத்திலிருந்து சூடு எப்படி வெளியே போகும், மூடினால் மூடினதுதானே என்று கேட்பார்கள். நானும் அதே வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். இதையே பொருட்காட்சியில் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சமையல் மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்தோம். நான் மூன்று அமைப்புகளையும் விளக்கினேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தன் பெரியத்தா கடையில் பிரியாணி தம் போடுவதைப் பற்றிச் சொன்னார். சட்டியின் வாயைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து அப்பி மூடியை ஒட்டிவிடுவார்கள். ஆவி ஒரு இழைகூட வெளியே வரக்கூடாது. ஆனால் அடியில் நெருப்பும் மூடி மேல் தணலும் இருக்கும்.

“ஆவி வெளிய வரல. சூடு மட்டும் உள்ள போகுது. அப்ப அது எதுல சேர்த்தி?” என்று கேட்டார்.

“மூடிய அமைப்பு” என்றேன்.

“மாவு பிஞ்சு ஆவி வந்துட்டா?”

“திறந்த அமைப்பு ஆயிடும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இத ஏன் ஒங்க புஸ்தகத்துல போடல?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு தடுப்பில்லாமல் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

தம் சட்டியையே காட்சிக்கு வைக்க ஆசைதான். நெருப்பு வைக்கத் தலைமையாசிரியை ஒப்பவில்லை. அதனால் வேறு மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுத்தோம். திறந்த அமைப்புக்கு ஒரு கிண்ணத்தில் வெந்நீர். மூடியதற்கு இறுக்கமான மூடி போட்ட சின்ன மருந்து பாட்டில், அதற்குள் தண்ணீரும் ஐஸ் துண்டுகளும். தனித்த அமைப்புக்கு ஒரு பிளாஸ்க். அதற்குள் சூடான தேநீர்.

பிளாஸ்க் கிடைப்பது அந்தக் காலத்தில் லேசு இல்லை. அவருடைய அண்ணன் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது ஒன்று வீட்டில் இருந்தது. உள்ளே கண்ணாடி. கை தவறினால் போச்சு. அதைக் கேட்டு வாங்குவதற்கு அவர் அண்ணன் மனைவியான மதினியிடம் என்னென்ன சத்தியம் செய்தாரோ தெரியாது. கைக்குழந்தையைப் போலத் துணியில் சுற்றி, குதிரைவண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கனத்தைக் காட்ட எங்கள் பள்ளியில் இருந்த ஒரே நல்ல தராசு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஆய்வுக்கூடத் தராசு. ஒரு தலைமுடியைப் போட்டால்கூட முள் அசையும். முதல் நாள் காலையில் வெந்நீர்க் கிண்ணத்தை அதில் வைத்து எடைகளைச் சமன் செய்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் மெல்ல நகர்ந்தது. ஆவி போகிறது, கனம் குறைகிறது. வந்திருந்த தாய்மார்கள் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள், உலையில் வைத்த தண்ணீர் வற்றுவது எங்களுக்குத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்துவிட்டு அடுத்த மேடைக்கு நகர்ந்தார்.

அடுத்து பாட்டில். சோடாக் கடையிலிருந்து உமி போட்ட சாக்கில் வந்த ஐஸை உடைத்து, தண்ணீரோடு உள்ளே போட்டு, மூடியை இறுக்கித் தராசில் வைத்துச் சமன் செய்தேன். ஐஸ் கரையும், அதாவது வெளியிலிருந்து சூடு உள்ளே போகும், ஆனால் கனம் மாறாது என்று கூடியிருந்தவர்களுக்குப் பெருமையாக விளக்கினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை முள்ளைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, பிளாஸ்க் பக்கம் திரும்பினேன்.

செத்த நேரத்தில் அந்தப் பிள்ளை கூப்பிட்டாள். முள் நகர்ந்திருந்தது. கனம் கூடியிருந்தது.

மூடியைத் திறக்கவில்லை. யாரும் எதையும் போடவில்லை. எடையைச் சரி செய்தேன். மறுபடியும் கூடியது. கூட்டத்தில் இருந்த ஒரு அம்மாள், கையில் பிள்ளையோடு வந்தவர், கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“ஏம்மா, மூடி வச்ச பாட்டிலுக்கு எப்பிடிக் கனம் கூடும்? உள்ளாற இருக்கிறது பெருக்குதா?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. படித்ததெல்லாம் ஒரு கணம் எங்கோ போய்விட்டது. அதற்குள் என் தோழி (அதற்குள் அவர் தோழி ஆகியிருந்தார்) பெட்டியின் கதவைத் திறந்து பாட்டிலைக் கையில் எடுத்தார். எடுத்த விரல்களை விரித்து என்னிடம் காட்டினார். ஈரம்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். காற்றில் இருக்கிற ஈரம், குளிர்ந்த பாட்டிலின் மேல் வந்து முத்து முத்தாக ஒட்டியிருக்கிறது. அந்தக் கனம்தான் கூடியிருக்கிறது. ஒரு துணியை எடுத்துப் பாட்டிலை நன்றாகத் துடைத்துத் திரும்ப வைத்தோம். நான் பின்னால் சேர்த்த எடையை எடுத்ததும் முள் பழைய இடத்துக்கே வந்து நின்றது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

ஆனால் அந்த அம்மாள் விடவில்லை. அது உள்ளே இருக்கிற தண்ணீர் கசிந்து வெளியே வந்ததாகவும் இருக்கலாமே, மண்பானை கசிகிற மாதிரி என்றார். கசிந்து வெளியே வந்தால் மொத்தக் கனம் கூடாதே என்று நான் சொன்னேன். அவருக்கு அது பிடிபடவில்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும் என்றார் ஒருவர். அவருடைய பிள்ளை என் வகுப்பில்தான் படித்தாள். அப்பாவின் கையை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

அப்போது என் தோழிக்கு ஒரு யோசனை வந்தது. சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை ஒருத்தி மனையியல் பக்கத்தில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுவதைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் தறி உண்டு. அவளிடமிருந்து ஒரு சிட்டிகை சிவப்புச் சாயப் பொடி வாங்கி வந்தார். பாட்டிலைத் திறந்து அதை உள்ளே போட்டு, புதிதாக ஐஸும் சேர்த்து, மூடியை இறுக்கி, வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, தராசில் வைத்துச் சமன் செய்தார். உள்ளே இருந்த தண்ணீர் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

“உள்ள இருந்து கசிஞ்சா செவப்பாத்தானே வரணும்? பொறுத்துப் பாப்போம்” என்றார்.

எல்லோரும் பொறுத்துப் பார்த்தார்கள். பக்கத்து மேடைகளில் நின்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். வரைபடக் காட்சி வைத்திருந்த புவியியல் ஆசிரியை தன் மேடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். பாட்டிலின் மேல் மெல்ல மூடுபனி படிந்தது, பிறகு துளிகள் திரண்டன. முள் நகர்ந்தது. என் தோழி தன் வெள்ளைக் கைக்குட்டையை அந்த அம்மாளிடமே கொடுத்து, நீங்களே துடைத்துப் பாருங்கள் என்றார். அவர் இடுப்புப் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, பாட்டிலை ஒரு சுற்றுத் துடைத்து, கைக்குட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஈரமாக இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை.

“அப்ப காத்துல அம்புட்டுத் தண்ணியா இருக்கு?” என்றார் அவர்.

அதற்கப்புறம் அவர் மதியம்வரை எங்கள் மேடையை விட்டு நகரவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் விளக்கும் முன்பே அவர் விளக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்கு, சூடு மட்டும்தான் போகுது, வெளியே இருக்கிறது காத்துத் தண்ணி. இதையே வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னார். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தர முடியாததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பிள்ளையும் ஐஸ் துண்டுகளைச் சப்பிச் சப்பி சாக்கில் பாதியைக் காலி செய்துவிட்டது.

மாலையில்தான் பிளாஸ்க்கின் முறை. காலையில் எல்லோர் முன்னிலையிலும் அதில் தேநீர் ஊற்றி, வெப்பமானியை வைத்துப் பார்த்து, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்திருந்தோம். பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரி அம்மாள் வந்து தம் கையால் அதைத் திறப்பார் என்று ஏற்பாடு. ஆனால் அவர் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போன இடத்தில் ஜீப் பழுதாகி நின்றுவிட்டது என்று ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார்.

நாங்கள் காத்திருந்தோம். தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் தோழி பிளாஸ்க்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வெளிப்பக்கம் குளிர்ந்தே இருந்தது. அதுதான் நல்லது என்று நான் சொன்னேன். உள்ளே இருக்கிற சூடு வெளியே வந்திருந்தால் வெளிப்பக்கம் சூடாகியிருக்கும். அவர் நம்பிக்கை இல்லாமல் என்னைப் பார்த்தார். உள்ளே தேநீர் ஆறிப்போயிருந்தாலும் வெளியே குளிராகத்தானே இருக்கும் என்றார். அது உண்மைதான். அதற்குப் பிறகு நானும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு அதிகாரி அம்மாள் வந்தார். புடவையின் கீழ்ப்பக்கம் முழுக்கச் செம்மண். எங்கோ நடந்து, ஒரு மாட்டுவண்டியில் ஏறி, பிறகு பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். வரவேற்புரை, மாலை எதுவும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எங்கள் மேடையின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுதி வைத்திருந்த வரவேற்புரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் மூன்று அமைப்புகளையும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிளாஸ்க் என்றதும் கண்ணைத் திறந்தார். என் தோழி கத்தியால் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார். மெல்லிய ஆவி எழுந்தது. ஏலக்காய் வாசம் அந்த அறை முழுக்கப் பரவியது. வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். காலையில் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. மறைக்காமல் அதையும் சொன்னேன்.

“அப்போ இதுவும் முழுசாத் தனித்தது இல்லையா?” என்று அதிகாரி அம்மாள் கேட்டார்.

“இல்லைங்கம்மா. மத்ததைவிட மெதுவாப் போகுது. அவ்வளவுதான்.”

அவர் தலையசைத்தார். பிறகு என் தோழி தேநீரை டம்ளரில் ஊற்றி நீட்டினார். அவர் ஒரு வாய் குடித்தார். அப்புறம் நிறுத்தவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதையும் குடித்தார். காலையிலிருந்து நல்ல தேநீர் ஒரு வாய்கூடக் கிடைக்கவில்லை என்று சொன்னார். இஞ்சி போட்டிருக்கிறாயா என்று என் தோழியிடம் விசாரித்தார். பாலை எப்போது சேர்த்தாய், பாலும் சேர்ந்து இத்தனை நேரம் கெடாமல் இருந்ததே என்று கேட்டார். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, காற்றுப் புகாமல் அடைத்ததால்தான் கெடவில்லை என்று தோழி விளக்கினார். எங்கள் மேடையில் அறிவியல் எது, மனையியல் எது என்று அதிகாரி அம்மாள் கேட்கவே இல்லை. காட்சிப் பொருள் காலியாகிவிட்டது. மறுநாளுக்கு நாங்கள் புதிதாகத் தேநீர் போட வேண்டியிருந்தது.

போகும்போது அவர் தலைமையாசிரியையிடம், இவர்கள் இருவரும் எப்போதும் சேர்ந்துதான் நடத்துவார்களா என்று கேட்டார். எங்கள் தலைமையாசிரியை ஒரு கணமும் தயங்காமல், ஆமாம், முதலிலிருந்தே அப்படித்தான் என்றார். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிளாஸ்க் ஒரு கீறலும் இல்லாமல் மதினியிடம் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரக் கடைசியில் அவர்கள் வீட்டில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சீரகச்சம்பா பிரியாணி. மாவைப் பிய்த்து மூடியைத் திறக்கும்போது அவருடைய பெரியத்தா மகன், இப்ப இது தெறந்த அமைப்பு என்று சொல்லிக்கொண்டே திறந்தான். வீட்டில் எல்லோருக்கும் பாடம் தெரிந்துவிட்டிருந்தது. மதினி மட்டும், பேரு எதுவா இருந்தா என்ன, சூட்டோட சாப்பிடுங்க டீச்சர் என்று இலையில் அள்ளி வைத்தார்.

அந்தப் பருவத் தேர்வில் மூன்று அமைப்புகளுக்கும் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஓர் உதாரணம் தருக என்று கேட்டிருந்தேன். விடைத்தாள்களைத் தோழியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திருத்தினேன். பூக்கூடை என்று எழுதியிருந்தார்கள், ஊறுகாய் ஜாடி என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி, “எங்கள் வீடு திறந்த அமைப்பு, பழனிக்குப் போகும் சொந்தக்காரர்கள் அனைவரும் வந்து போவார்கள், வரும்போது ஒன்றும் கொண்டுவர மாட்டார்கள், போகும்போது எடை கூடிப் போவார்கள்” என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். இன்னொருத்தி தனித்த அமைப்புக்கு, “தலைமையாசிரியை அவர்களின் அறை. உள்ளே இருந்து ஒன்றும் வெளியே வராது, வெளியே இருந்து ஒன்றும் உள்ளே போகாது” என்று எழுதியிருந்தாள்.

இதற்கு மதிப்பெண் போடுவதா கூடாதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். தோழி போடலாம் என்றார். உள்ளே மின்விசிறி ஓடுகிறதே, காற்று வெளியே வருமே, அறிவியல்படி தப்பு என்றேன் நான். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் தலைமையாசிரியை வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. அவர் தாளை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு நிதானமாகப் படித்தார்.

“நான் கதவ மூடுறது தூசிக்காக” என்றார். “அத அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிருங்க. மார்க்கைக் கொறைக்க வேணாம்.”

தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வராந்தாவில் கொஞ்ச தூரம் போனதும் அவருடைய தோள் குலுங்குவது தெரிந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து முழு மதிப்பெண்ணைப் போட்டேன்.